ப்ரீபெய்டு கார்டு வாங்கி நான் பட்ட பாடு

நேரடியாகக் கணக்குப் போட்டால் எனக்குப் போனது 866 ரூபாய்தான். கேட்பவர்கள் "இதுக்கா இவ்வளவு புலம்பல்" என்பார்கள். அந்த 866 ரூபாய்க்குப் பின்னால் ஏழு மாத அலைச்சலும், கைநழுவிப் போன ஒரு தீபாவளி வியாபாரமும், மழை வெள்ளத்தில் கையில் சில்லறை இல்லாமல் நின்ற இரண்டு நாளும் இருக்கின்றன. அப்போது யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, உனக்கு வேண்டியது இந்தக் கார்டே இல்ல" என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கிறேன். பத்தமடைப் பாயும் அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமானும் வாங்கி இணையத்தில் விற்கிறேன். மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து வாங்கும் கல்யாணப் பாய்க்கு நம் ஊர் ஆட்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஆர்டர் கொடுப்பார்கள். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்றால் சொப்பு செட்டு. பெரிய வியாபாரம் கிடையாது, ஆனால் வீட்டுக்காரர் சம்பளத்தை எதிர்பார்க்காமல் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும் அளவுக்கு வரும். கடை நடக்கும் இணையத்தளம் வெளிநாட்டு நிறுவனத்தினுடையது. அதற்கு மாதம் 29 டாலர் வாடகை மாதிரி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடை ஷட்டரை இறக்கிவிடும்.

முதல் ஆறு மாதம் அந்த 29 டாலரைப் பெங்களூருவில் இருக்கும் சித்தப்பா மகன், என் அண்ணன், தன் கிரெடிட் கார்டில் கட்டிக்கொண்டிருந்தான். நான் மாதாமாதம் ஜிபேயில் அவனுக்கு அனுப்பிவிடுவேன். ஒருநாள் மதினி போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் இடையில், "இந்த மாசமும் அவிய கார்டுல உங்க கடைக்குப் போயிருக்கு போலயே" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இனிமேல் என் பெயரில் ஒரு கார்டு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என்னிடம் ஒரு டெபிட் கார்டு இருந்தது. சேமிப்புக் கணக்கு தொடங்கியபோது கொடுத்த, உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமான கார்டு. அதைப் போட்டால் அந்த இணையத்தளம் ஏற்கவில்லை. ஆன்லைனில் ஒரு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன். சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை, இதுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை. கடன் வாங்காமல் வாழ்ந்ததை நான் பெருமை என்று நினைத்திருந்தேன். அவர்கள் பார்வையில் அது 'கடன் வரலாறு இல்லை'. இரண்டே நாளில் நிராகரித்துவிட்டார்கள்.

2023 ஆகஸ்டில் டவுனுக்குப் போயிருந்தேன். ரதவீதிப் பக்கம் ஒரு மொபைல் கடையில் ரீசார்ஜுக்காக நின்றபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. 'ப்ரீபெய்டு கிரெடிட் கார்டு. சம்பளச் சான்று தேவையில்லை.' கடைத் தம்பியிடம் கேட்டேன். "எதுக்குக்கா பேங்குக்கு அலையுதிய? பணத்தப் போட்டா ஓடும், அவ்வளவுதான்" என்றான். வெளிநாட்டு வெப்சைட்டில் ஓடுமா என்று கேட்டேன். "எல்லா எடத்துலயும் ஓடும்க்கா, கிரெடிட் கார்டுல்லா." அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும். கார்டுக்கு 499 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 589. கையில் இருந்த பத்தாயிரத்தைப் பணமாகவே கொடுத்தேன். நூறு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 9,900 ஏற்றிக் கொடுத்தான். போன் நம்பருக்கு வந்த ஓடிபி, ஒரு அடையாள அட்டையின் எண், இரண்டும் போதுமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் கார்டு கையில். பளபளவென்று கறுப்புக் கார்டு. வீடு வரைக்கும் பஸ்ஸில் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இங்கேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 'ப்ரீபெய்டு கிரெடிட் கார்டு' என்று ஒன்று உண்மையில் கிடையாது. கிரெடிட் என்றால் அவன் பணத்தை முதலில் நாம் செலவழித்துவிட்டுப் பிறகு கட்டுவது. ப்ரீபெய்டு என்றால் நம் பணத்தை நாமே முதலில் போட்டுவைத்துச் செலவழிப்பது. செல்போன் ரீசார்ஜ் மாதிரி. பார்க்க ஒரே மாதிரி பதினாறு எண், ஒரே மாதிரி சிப்பு இருப்பதால் பேச்சு வழக்கில் கிரெடிட் என்று ஒட்டிக்கொண்டது. ப்ரீபெய்டு கார்டை எத்தனை வருடம் ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் சிபில் ஸ்கோர், அதாவது நம்மை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், ஒரு புள்ளிகூட ஏறாது, ஏனென்றால் அதில் யாரும் நமக்குக் கடன் கொடுக்கவில்லை. போட்டுவைத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது. நான் வாங்கும்போது மனதுக்குள் "இப்படியே ஒரு வருஷம் ஓட்டினால் நாளைக்கு பேங்கில் லோன் கேட்கலாம்" என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு முதல் நாளே தப்பு.

அன்று ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இணையக் கடையில் கார்டு எண்ணைப் போட்டேன். ஏற்கவில்லை. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி. ஏற்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு, இத்தனை முறை தோற்றதால் 24 மணிநேரம் கழித்து முயலுங்கள் என்று வந்தது. மறுநாளும் அதே கதை. கார்டு கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, உள்நாட்டு வெப்சைட் ஒன்றில் பார்சல் அட்டைப்பெட்டியும் டேப்பும் வாங்கிப் பார்த்தேன். 2,340 ரூபாய் கடகடவென்று போய்விட்டது. ஆக, கார்டு நன்றாகத்தான் இருந்தது. நான் வாங்கிய வேலைக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

ஏன் ஆகாது என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் பிடித்தது. ரிசர்வ் வங்கி 2021-இல் இந்த மாதிரிக் கார்டு, வாலெட்டுகளுக்கு விதி போட்டிருக்கிறது. அதில் இரண்டு சாதி. போன் நம்பரும் ஒரு அடையாள எண்ணும் மட்டும் கொடுத்து வாங்குவது 'சிறு' வகை. அதில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஏற்ற முடியாது, எந்த நேரத்திலும் 10,000-க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, ஒரு நிதியாண்டில் மொத்தம் 1,20,000-தான். பொருளும் சேவையும் வாங்கலாம். ஏடிஎம்மில் எடுக்க முடியாது, வேறு கணக்குக்கு அனுப்பவும் முடியாது. பணமாக ஏற்றும் வகை என்றால் 24 மாதத்துக்குள் முழு கேஒய்சி, அதாவது நாம் யார் என்று ஆவணங்களோடு சரிபார்ப்பது, முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்குமேல் பணம் ஏற்ற முடியாது. இன்னொரு சாதி முழு கேஒய்சி முடித்தது. அதில் இரண்டு லட்சம் வரை வைக்கலாம், வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம், பணமாகவும் எடுக்கலாம். ஆனால் வெளிநாட்டுக்குக் கட்டணம் கட்டுவது அதிலும் எல்லாக் கார்டுக்கும் கிடையாது. அந்நியச் செலாவணி உரிமம் உள்ள வங்கி கொடுத்த, முழு கேஒய்சி முடித்த கார்டாக இருக்க வேண்டும், நாமாகக் கேட்டால் மட்டுமே அந்த வசதியைத் திறந்துவிடுவார்கள், அதற்கும் தனி வரம்பு உண்டு. என் கார்டைக் கொடுத்தது வங்கியே இல்லை. தலைகீழாக நின்றாலும் அதில் 29 டாலர் போயிருக்காது.

அதனால் கடையில் நிற்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதைக் கொடுப்பது வங்கியா, வேறு நிறுவனமா? கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்துப் பெயரும் பின்பக்கப் பெயரும் பல நேரம் வேறுவேறாக இருக்கும். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் நாம் பிடிக்க வேண்டிய ஆள் பின்பக்கத்துக்காரர்தான்.

சரி, பணத்தையாவது திருப்பி எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். 7,560 ரூபாய் உள்ளே இருந்தது. அந்தச் செயலியில் 'வங்கிக்கு அனுப்பு' என்பதைத் தொட்டால் முழு கேஒய்சி முடி என்றது. அங்கேதான் என் பெயர் எனக்கே எதிரியானது. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இந்தக் கதை இருக்கும். பான் கார்டு கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, அதில் அப்பா பெயர் முழுதாக என் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. ஆதாரில் ரேஷன் கார்டுக்காக வீட்டுக்காரர் இனிஷியலுக்கு மாற்றினோம், அது பெயருக்கு முன்னால் நிற்கிறது. மனிதன் பார்த்தால் ஒரே ஆள். கம்ப்யூட்டர் பார்த்தால் இரண்டு ஆள். முதல் தடவை 'பெயர் பொருந்தவில்லை' என்று தள்ளியது. இரண்டாவது தடவை வீடியோ கேஒய்சி. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது என்று மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்கு அடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்முனையில் இருந்தவர் இந்தியில் ஏதோ கேட்டார். தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா என்றேன். 'ஒன் மினிட்' என்றார், இணைப்பு அறுந்தது. அடுத்த முறை ஒரு பெண் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினாள். பான் கார்டைக் காட்டச் சொன்னாள், கண்ணைச் சிமிட்டச் சொன்னாள், எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகக் கீழே இறங்கினேன். மூன்றாம் நாள் மறுபடியும் 'பெயர் பொருந்தவில்லை'.

இதில் ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்தக் கார்டுக்கும் கை நீட்டுவதற்கு முன்னால் பான், ஆதார், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் பான் கார்டைத் திருத்துங்கள். செலவும் பெரிதில்லை. நான் பிறகு திருத்தினேன், மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அதை ஆகஸ்டிலேயே செய்திருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

இன்னொரு தப்பும் செய்தேன், பணமாகக் கொடுத்து ஏற்றியது. சிறு வகைக் கார்டை நாம் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். மீதிப் பணம், எந்தக் கணக்கிலிருந்து ஏற்றினோமோ அந்தக் கணக்குக்கே திரும்பும். அதற்குக் கேஒய்சி தொல்லை வராது. நான் கொடுத்ததோ நோட்டு. நோட்டுக்குத் திரும்பிப் போகக் கணக்கு ஏது? வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்பக் கேஒய்சி வேண்டும், கேஒய்சிக்குப் பெயர் பொருந்த வேண்டும். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றேன். ஏற்றினால் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து ஏற்றுங்கள், முதலில் ஐந்நூறு மட்டும். அந்த ஐந்நூறை வைத்து எதற்காகக் கார்டு வாங்கினீர்களோ அந்த வேலை நடக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் பொறுமை போய், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வந்த எண்ணை அடித்தேன். ஒருவர் அழகான தமிழில் பேசினார். "மேடம், உங்க பணம் பத்திரமா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒரு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தேன், கண் கலங்கிவிட்டது. ஒரு செயலியை இறக்கச் சொன்னார், இறக்கினேன். அது என் போன் திரையை அவருக்கும் காட்டும் செயலி என்று அப்போது தெரியாது. உங்கள் வங்கிச் செயலியைத் திறங்கள் என்றபோதுதான் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. இவர்கள் அனுப்ப வேண்டிய பணத்துக்கு நான் ஏன் என் வங்கிச் செயலியைத் திறக்க வேண்டும்? போனை அணைத்துவிட்டேன். அன்று முழுக்கக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ நிறுவனத்தின் செயலிக்குள்ளிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். நம் தப்பில்லாமல் மூன்றாம் ஆள் எடுத்த பணத்தை மூன்று நாளுக்குள் நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் நஷ்டம் நமக்கில்லை என்று ப்ரீபெய்டு கார்டுகளுக்கும் விதி இருக்கிறது. ஓடிபியை நாமே வாயால் சொல்லிவிட்டால், புகார் சொல்லும் வரைக்குமான நஷ்டம் நம் தலையில்தான்.

அக்டோபரில் இணையக் கடை மூடப்பட்டது. அண்ணனிடம் மறுபடி கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்தைய தீபாவளிக்கு 40 சொப்பு செட்டும் 11 பாயும் போயிருந்தன. இந்த முறை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கியவர்களுக்கு ஒன்பது செட்டு. இந்த நஷ்டத்தை நான் எழுதிவைக்கவில்லை, எழுதினால் தூக்கம் வராது. அம்பாசமுத்திரத்தில் கடைசல் வேலை செய்யும் பெரியவர், "என்ன தாயி, இந்த வருசம் ஒண்ணும் எடுக்கலியே" என்று கேட்டபோது உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

அப்புறம் டிசம்பர் 17, 18. அந்த மழையைப் பற்றி திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். எங்கள் தெருவில் முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் பீரோவின் கீழ்த்தட்டு. பாய்க் கட்டுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையிலிருந்த வீட்டுக்காரர் போனும் ஜன்னல் திண்டில் இருந்த என் போனும் தண்ணீருக்குள் போயின. கரண்டு இல்லை, டவர் இல்லை. பக்கத்துத் தெரு அண்ணாச்சி கடை உயரமான திண்ணையில் இருந்ததால் திறந்திருந்தது. பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் கேட்டுப் போனேன். கையில் துட்டு இல்லை, பையில் அந்தக் கறுப்புக் கார்டு மட்டும் இருந்தது. அண்ணாச்சி சிரித்தார். "மெஷினே தண்ணியில கெடக்கு தாயி. நோட்டுல எழுதிட்டுப் போ." என் பெயருக்கு நேராக 340 என்று எழுதினார். நான் பார்த்த கிரெடிட்டிலேயே அதுதான் சுத்தமான கிரெடிட். அன்றிலிருந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இரண்டாயிரம் ரூபாய் சில்லறை நோட்டாக எப்போதும் இருக்கிறது. எந்தக் கார்டு வாங்கினாலும் அந்த டப்பாவை மூடாதீர்கள்.

தண்ணீர் வடிந்து, புதுப் போன் வாங்கி, அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்கினேன். மாற்று சிம்முக்கு 24 மணிநேரம் எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஓடிபி வரவில்லையே என்று பதறாமல் இருக்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள். செயலிக்குள் நுழைந்து பார்த்தால் இருப்பில் 59 ரூபாய் குறைந்திருந்தது, அதற்கு முந்தைய மாதமும் 59. மூன்று மாதம் பயன்படுத்தாவிட்டால் மாதம் 50 ரூபாய் பராமரிப்புக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி. பயன்படுத்தவும் விடவில்லை, பயன்படுத்தாததற்கு அபராதம். அன்றைக்குத்தான் உண்மையிலேயே கோபம் வந்தது. அதுவரை என் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2024 ஜனவரி முதல் வாரம் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தேதி, தொகை, நிராகரித்த செய்திகளின் படம், எல்லாம் ஒரே மின்னஞ்சலில். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். எந்தப் பதிலும் இல்லாமல் 30 நாள் கடந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று தெரிந்து காத்திருந்தேன். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் வங்கிகளோடு இந்த ப்ரீபெய்டு நிறுவனங்களும் அடங்கும். வக்கீல் வேண்டாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் புகார் இணையத்தளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது, அங்கே தமிழிலும் பேசலாம். பதில் வராத நிலையில் முப்பது நாள் ஆவதற்கு முன்னால் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள், அதனால் நிறுவனத்துக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பிய தேதிதான் நம் துருப்புச்சீட்டு. நான் ஐந்து மாதம் போனில் கத்தியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த ஒரு மின்னஞ்சலுக்கு ஆதாரம் இருந்தது.

பிப்ரவரியில் புகார் பதிந்தேன். மூன்றாவது வாரம் அந்த நிறுவனத்திலிருந்தே போன் வந்தது, தமிழில் பேசும் ஆள்! அதற்குள் திருத்திய பான் கார்டும் கைக்கு வந்திருந்தது. மார்ச்சில் 7,383 ரூபாய் என் வங்கிக் கணக்கில் விழுந்தது. பராமரிப்புக் கட்டணமாக எடுத்த 177-ஐயும் கேட்டிருக்கலாம். எனக்குத் தெம்பு இல்லை.

அந்தப் பணம் வந்ததைப் பாஸ்புக்கில் பதியப் போனபோதுதான் வங்கியில் ஒரு அதிகாரியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வெளிநாட்டு வெப்சைட்டுக்குக் கட்டணும், அவ்வளவுதானம்மா? உங்க டெபிட் கார்டை இன்டர்நேஷனல் கார்டா மாத்தித் தந்திருப்போமே, இருநூறு முந்நூறு ரூபாய்ல முடிஞ்சிருக்கும்" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரையோடு வரும் அந்தக் கார்டில், வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாட்டை நாமே செயலியில் திறந்துவிட வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகள் எல்லாம் உள்நாட்டு ஏடிஎம், கடை மெஷின் இரண்டுக்கு மட்டுமே திறந்து வரும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். தேவையான வசதியைத் திறந்து, வரம்பையும் நாமே வைத்துக்கொள்ளலாம்.

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். கடன் வரலாறு வேண்டுமென்றால் வைப்புத்தொகையின் பேரில் கிரெடிட் கார்டு வாங்கலாம். சீட்டு எடுத்த 25,000 ரூபாயை எஃப்டியாகப் போட்டேன், அதை ஈடாக வைத்து 20,000 வரம்புள்ள கார்டு கொடுத்தார்கள். சம்பளச் சீட்டு கேட்கவில்லை. எஃப்டிக்கு வட்டி வழக்கம்போல் வருகிறது, ஆனால் கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது. இது நிஜமான கிரெடிட், அதனால் ஆபத்தும் நிஜம். கெடு தேதிக்குள் முழுத் தொகையைக் கட்டாவிட்டால் மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஓடும், அது வருடத்துக்கு முப்பத்தாறு முதல் நாற்பத்திரண்டு சதவீதம் வரை வரும். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று பெரிதாகக் காட்டுவார்கள், அதை மட்டும் கட்டினாலும் வட்டி ஓடும். கட்டவே இல்லையென்றால் எஃப்டியில் கை வைப்பார்கள். அந்தக் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. வெளிநாட்டுக் கட்டணத்துக்குத் தனியாக ஒரு சதவீதக் கூலியும் உண்டு, என் கார்டில் மூன்றரை. 29 டாலர் அப்போது ஏறக்குறைய 2,400 ரூபாய் என்றால், கூலியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து நூறு ரூபாய் கூட வரும். வாங்கும் முன்பே அதைக் கேட்டுக்கொண்டேன். ஒரு தடவை சூடு பட்டவள் அல்லவா! ஆறு மாதம் கழித்து என் சிபில் ஸ்கோர் முதல்முறையாக வந்தது, 742. பள்ளிக்கூட மார்க்கு மாதிரி வீட்டுக்காரரிடம் காட்டினேன். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகவே பார்க்கலாம், அதற்குக் காசு கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

இதற்குப் பிறகு தெரிந்தவர்கள் எல்லாம் கார்டு என்றால் என்னிடம் கேட்கிறார்கள். அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒருவர் ஐயாயிரம் ரூபாய்க்கு கிஃப்ட் கார்டு மொய் வைத்திருந்தார். அவள் ஏடிஎம்முக்கு எடுத்துக்கொண்டு போய் ஏமாந்து வந்தாள். கிஃப்ட் கார்டில் பணம் எடுக்க முடியாது, மறுபடி ஏற்றவும் முடியாது, காலாவதித் தேதிக்குள் கடையில் செலவழிக்கத்தான் வேண்டும். மொய் வைக்கக் கவரும் நோட்டும் போதும் என்பது என் கட்சி. மேலப்பாளையத்துத் தோழி ஒருத்தியின் மகன் மலேசியாவுக்குப் படிக்கப் போனான், அவனுக்கு வங்கி கொடுக்கும் ஃபாரெக்ஸ் கார்டுதான் சரி. அதுவும் ப்ரீபெய்டுதான், ஆனால் அந்த நாட்டுப் பணமாகவே ஏற்றிவைப்பதால் ரூபாய் சரிந்தாலும் ஏற்றிய பணத்துக்குப் பாதிப்பில்லை. அங்கே கடை மெஷினில் "ரூபாயில் கட்டவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன், அதில்தான் கூடுதலாகப் பிடுங்குவார்கள். ஊருக்குள் பால், காய்கறி, கரண்ட் பில்லுக்கு எதற்குக் கார்டு? யூபிஐ போதும்.

ப்ரீபெய்டு கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாத வெப்சைட்டில் வாங்கும்போது வங்கிக் கணக்கைக் காட்டாமல், ஆயிரம் ரூபாய் மட்டும் போட்ட ஒரு ப்ரீபெய்டு கார்டைக் காட்டுவது நல்ல காவல். போனாலும் ஆயிரத்தோடு போகும். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் பையனிடம் கொடுத்துவிடவும் அது சரியான பொருள். ஆனால் வாங்கும் முன் கட்டணப் பட்டியலைத் தரச் சொல்லிக் கேளுங்கள், வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில். வாங்கக் கட்டணம், வருடக் கட்டணம், ஏற்றக் கட்டணம், பயன்படுத்தாவிட்டால் கட்டணம், மூடக் கட்டணம். எனக்கு வலித்தது நாலாவது.

மதினிக்குப் போன வருடம் ஒரு பத்தமடைப் பாய் அனுப்பினேன், பேச்சு பழையபடி ஆகிவிட்டது. அந்தக் கறுப்புக் கார்டு இப்போது என் மகளிடம் இருக்கிறது. சொப்பு வைத்து விளையாடும்போது பக்கத்து வீட்டுப் பையன் கடைக்காரன், இவள் சாமான் வாங்கப் போவாள். நேற்று மரப்படிக்கு ஒரு படி மணல் அரிசி வாங்கிவிட்டுக் கார்டை நீட்டினாள். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஓடாதுட்டி, துட்டு குடு" என்றான்.